மாயாவியும் மானாவாரியும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் பிறந்தவன் எதை எழுதலாம், எதை ரசிக்கலாம் என்பதற்கு யாரும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று இருக்கிறது. பொய்த்த மழை, கருவேலங்காடு, தறிச் சத்தம், பஞ்சம் பிழைக்கப் போன சனம், குலதெய்வம் ஆகியவை அவனுக்கு. விண்கலம், ரோபோ, கால இயந்திரம், வீடியோ கேம் ஆகியவை சென்னைப் பிள்ளைக்கு, அதிலும் இங்கிலீஷ் மீடியம் படித்த பிள்ளைக்கு. எல்லை தாண்டினால் இரண்டு பக்கமிருந்தும் அடி விழும். வீட்டில், "வெட்டிப்பய பாக்குற வேலை" என்பார்கள். இலக்கியக் கூட்டத்தில் கொஞ்சம் நாகரிகமாக, "அதெல்லாம் நம்ம மண்ணுக்கு ஒட்டாது தம்பி" என்பார்கள்.

வேறு எந்த விஷயத்திலும் இந்த இரண்டு தரப்பும் ஒத்துப்போய்ப் பார்த்ததில்லை. இதில் மட்டும் ஒரே குரல்: விஞ்ஞானக் கதை வெளியூர்ச் சரக்கு, வானம் பார்த்த பூமிக்கு அதோடு என்ன சம்பந்தம்? நான் சொல்ல வந்தது நேர்மாறானது. தமிழ்நாட்டில் அந்தக் கதைகளைக் கற்பனை என்று தள்ளிவைக்காமல் ஊர்ச் சங்கதியாகவே படிக்கக்கூடியவர்கள் யாராவது உண்டென்றால் அது எங்கள் ஆட்கள்தான்.

பக்கத்து ஊரான சிவகாசியை எடுத்துக்கொள்ளுங்கள். மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. விவசாயத்துக்கு அது சாபம், தீக்குச்சிக்கு வரம். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிள் அடிக்க அச்சகம் வந்தது. வந்த அச்சகம் சும்மா இருக்குமா? பட்டாசுப் பெட்டிக்குப் படம் அடித்தது, நாடு முழுவதற்கும் காலண்டர் அடித்தது. 1972இல் அதே ஊரிலிருந்து சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைக் கொண்டுவந்தார். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. ஆக, தமிழில் விஞ்ஞானக் கதைக்கு இவ்வளவு பெரிய வாசகர் கூட்டத்தைச் சேர்த்துக் கொடுத்தது சென்னைப் பத்திரிகை ஆபீஸ் அல்ல, இந்த வறண்ட காற்று.

மாயாவி யார் என்று தெரியாதவர்களுக்காக: ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் தாக்கினால் அவன் உடம்பு மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். 1962இல் 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் தொடங்கிய தொடர் அது. ஊர் ஊராக மின்கம்பம் நட்டுக்கொண்டிருந்த காலத்தில், பிளக்கில் விரல் வைத்து மறைந்துபோகிற ஒரு மனிதன் எங்கள் பையன்களுக்கு எப்படித் தெரிந்திருப்பான் என்று யோசியுங்கள். லண்டன் பையனைவிட அவர்களுக்குத்தான் அவன் நெருக்கம். 1984இல் விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸ் ஸ்பைடரையும் இரும்பு மனிதன் ஆர்ச்சியையும் கொண்டுவந்தது. கோட்டை வடிவத்தில் ஒரு கால இயந்திரம், அதில் ஏறிப்போகும் வாய்க்கொழுப்பு பிடித்த ரோபோ. இன்று பேரன் எடுத்தவர்கள்கூட ஆர்ச்சி பெயரைச் சொன்னால் முகம் மலர்ந்துபோகிறார்கள். இவர்களிடம் போய் மண்ணுக்கு ஒட்டாது என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு சங்கதி. 1963இல் 'கலை அரசி' என்ற படம் வந்தது. வேற்றுக் கிரகத்துக்காரர்களுக்கு விஞ்ஞானம் இருக்கிறது, சங்கீதம் இல்லை. அதற்காகப் பூமியில் இறங்கிப் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எம்.ஜி.ஆர். அந்தக் கிரகத்துக்கே போய் மீட்டு வருகிறார். இந்தியத் திரையில் வேற்றுக் கிரகவாசி தலைகாட்டிய மிகப் பழைய படங்களில் ஒன்று அது. அந்தக் கதாநாயகன்தான் 1977இல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் நின்று ஜெயித்து முதலமைச்சரானார். விண்வெளிக்குப் போய்வந்தவருக்கு ஓட்டுப் போட்ட ஊரைப் பார்த்து, உங்களுக்கு விண்வெளி எதற்கு என்று கேட்கிறார்கள்.

இலக்கியத் தரப்பின் வாதம் இதைவிடக் கனமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கரிசல் எழுத்துக்கென்று ஒரு பெரிய மரபு இருக்கிறது, இடைசெவலிலிருந்து கி.ராஜநாராயணன் போட்ட பாதை அது. அந்தப் பாதையில் வாழ்ந்த வாழ்க்கைதான் எழுத்துக்கு முதல், இரவல் கனவுக்கு இடமில்லை என்பார்கள். ஆனால் கி.ரா. வாழ்ந்த வாழ்க்கையை மட்டுமா எழுதினார்? ஊர் ஊராக நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்தவர் அவர். பேயும் பிசாசும் பேசும் மிருகமும் ராஜகுமாரியும் நிறைந்த கதைகள். நடக்க முடியாததை நடந்ததுபோலச் சொல்வது எங்கள் திண்ணையின் பழைய தொழில். திருச்சுழிக் கோயில் கதையைக் கேளுங்கள்: உலகத்தை மூழ்கடிக்க வந்த பிரளயத்தைச் சிவன் சூலத்தால் பூமியைக் குத்தி உள்ளே இறக்கிவிட்டாராம். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊர் வெள்ளத்தில் உலகம் அழிவதைக் கற்பனை செய்திருக்கிறது. (உடனே யாராவது புஷ்பக விமானத்தை இழுத்துக்கொண்டு வர வேண்டாம். புராணத்தில் எல்லா விஞ்ஞானமும் இருந்தது என்கிற கோஷ்டியோடு எனக்கு வேறு வழக்கு இருக்கிறது.)

பின்னால் வந்தவர்கள் கி.ரா.விடமிருந்து வட்டார வழக்கை எடுத்துக்கொண்டு அந்தத் துணிச்சலை விட்டுவிட்டார்கள். விளைவு, எங்கள் ஊரைப் பற்றிய கதை என்றால் அது இறந்தகாலத்தில்தான் நடக்க வேண்டும் என்றாகிவிட்டது. கண்மாய் நிறைந்திருந்தது, மாடுகள் இருந்தன, மனிதர்கள் நல்லவர்களாக இருந்தார்கள். எதிர்காலம் மட்டும் எங்களுக்குக் கிடையாது.

சீமைக் கருவேலத்தைப் பற்றி எத்தனை ஒப்பாரி எழுதப்பட்டிருக்கிறது! ஒருவராவது அதை விஞ்ஞானக் கதையாக எழுதினாரா? சமாச்சாரத்தை வரிசையாகப் பாருங்கள். 1870களில் சென்னை மாகாணத்து வன அதிகாரி பெடோம், விறகுத் தட்டுப்பாட்டுக்கு வழி தேடி, அமெரிக்கக் கண்டத்துச் செடி ஒன்றின் விதையைக் கேட்டு எழுதுகிறார். முதலில் கடப்பைப் பக்கம் நடுகிறார்கள். பிறகு வறண்ட மாவட்டங்களில் அரசாங்கமே விதை தூவுகிறது. நெற்றைத் தின்ற ஆடு போகிற இடமெல்லாம் முளைக்கிறது. கண்மாய்க்குள் முளைக்கிறது, ஊருணிக் கரையில் முளைக்கிறது, வெட்டினால் தூரிலிருந்து நாலாகத் துளிர்க்கிறது. 1898இல் எச்.ஜி.வெல்ஸ் செவ்வாய்க்காரர்கள் படையெடுக்கும் நாவலில் ஒரு சிவப்புக் களையை வைத்தார். அவர்களோடு வந்து தண்ணீர் கண்ட இடமெல்லாம் மண்டி, தேம்ஸ் ஆற்றையே அடைக்கும் களை அது. கடைசியில் பூமியின் நுண்ணுயிர்கள் அதைக் கொன்றுவிடும். எங்கள் களை சாகவில்லை. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் அதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது; அதற்கும் அது சாகவில்லை.

வெல்ஸுக்குத் தோன்றாத திருப்பம் ஒன்று இங்கே நடந்தது. படையெடுத்து வந்த செடியை வைத்தே சனம் பிழைக்கக் கற்றுக்கொண்டது. மழை பொய்த்த வருஷத்தில் மூட்டம் போட்டுக் கரி எடுத்து லாரியில் ஏற்றிய காசில்தான் பல வீடுகளில் பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டினார்கள். அடுப்பெரிப்பதும் அது, வேலியும் அது, வயலைத் தின்றதும் அது. பகையாளியையே நம்பி வாழும் ஒரு சமூகம். இதை எழுத எந்த யதார்த்தவாதம் போதும்? ஒன்றரை நூற்றாண்டுக் கதையைச் செடியின் பக்கமிருந்து சொல்லத் தெரிந்த ஒருவர் வேண்டும். விஞ்ஞானக் கதை படித்தவருக்குத்தான் அந்த யோசனை வரும்.

பிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' நாவல் 1965இல் வந்தது. தண்ணீரே இல்லாத கிரகம்; உடம்பின் வியர்வையைச் சுத்திகரித்துக் குடிக்க ஓர் உடுப்பு; செத்தவனுக்காகக் கண்ணீர் விட்டால் பெரிய தானம். ஒரேகான் கடற்கரையில் மணல்மேடு நகராமல் அரசாங்கம் புல் நட்டதைப் பார்க்கப் போனதில்தான் ஹெர்பர்ட்டுக்கு அந்த நாவலின் பொறி கிடைத்தது. நிலத்தைத் திருத்தச் செடி நடும் அரசாங்கம்: எங்களுக்கு எவ்வளவு பழக்கமான ஆசாமி! 2021இல் வந்த படத்தில் பாலைவனத் தலைவன் மேசைமேல் எச்சில் துப்புவான். உடம்பின் நீரைத் தருவது அவர்களிடம் மரியாதை. மால் தியேட்டரில் அதற்குச் சிரிப்பார்கள். லாரித் தண்ணீருக்கு ராத்திரி குடம் வரிசை போட்டவர்களுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருக்காது.

நோலனின் 'இண்டர்ஸ்டெல்லார்' இன்னும் கிட்டே வருகிறது. பயிர் நோயில் வெண்டை அழிந்து, மக்காச்சோளம் மட்டும் மிஞ்சிய உலகம். எங்கள் பக்கம் மானாவாரிக் காட்டிலும் மக்காச்சோளம் ஏறியிருக்கிறது. 2018இல் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவுக்குள் வந்து அந்தப் பருவத்திலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைத் துளைத்தது. படத்தில் பள்ளிக்கூடத்தார் பையனைக் கல்லூரிக்கு அனுப்ப மறுத்து, விவசாயம் பார்க்கட்டும் என்பார்கள். அந்த ஓரிடத்தில்தான் எங்கள் ஊரோடு கதை ஒட்டவில்லை. இங்கே விவசாயம் பார்க்கிற அப்பாவே மகனை இன்ஜினியரிங் காலேஜுக்கு விரட்டுகிறார்.

திருச்சுழியிலிருந்து தென்கிழக்கே போனால் கமுதி. அங்கே 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் திறந்தார்கள். சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் தகடுகள். அவற்றின் மேல் படியும் புழுதியைத் துடைப்பவை ரோபோக்கள். கருவேலங்காட்டுக்கு நடுவே தானே மின்சாரம் ஏற்றிக்கொண்டு ரோபோக்கள் கண்ணாடி துடைக்கின்றன. வேலியோரத்தில் ஆடு மேய்கிறது. இந்தக் காட்சியை எழுதுவது யதார்த்தமா, விஞ்ஞானக் கதையா? கறாரான கற்பனைதான் வேண்டுமென்றால் வேறு இருக்கிறது: காவிரியை 262 கிலோமீட்டர் கால்வாயில் எங்கள் குண்டாற்றுக்குக் கொண்டுவரும் திட்டம். 2021 பிப்ரவரியில் அடிக்கல் நட்டார்கள்.

தமிழ் சினிமா இதையெல்லாம் பார்த்ததா? 'அயலான்' படத்தில் விவசாயியையும் வேற்றுக் கிரகவாசியையும் சேர்த்து வைத்தார்கள், நல்ல யோசனை. ஆனால் விவசாயியைச் சென்னைக்கு பஸ் ஏற்றிவிட்டுத்தான் கதையை ஆரம்பிக்க முடிந்தது. அதை இயக்கிய ரவிகுமாரின் முதல் படம் 'இன்று நேற்று நாளை' எனக்கு இன்னும் பிடிக்கும். கால இயந்திரம் கைக்குக் கிடைத்ததும் நம் ஆள் அதை ஜோசியத்துக்கும் காணாமல் போன பொருளைக் கண்டுபிடிக்கவும் பயன்படுத்துகிறான். ஹாலிவுட்டில் எவனுக்கும் இது தோன்றாது. இதுதான் ஒட்டுவது என்பது.

இனி வீட்டுத் தரப்புக்கு வருகிறேன். கேம் ஆடுகிறவன் உருப்பட மாட்டான் என்பது அவர்கள் கட்சி. முதலில் சூதாட்டத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுவோம். பணம் கட்டி ஆடும் ரம்மிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தமிழ்நாடு அதற்கு எதிராக 2022இல் சட்டம் போட்டது, 2025இல் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்தது. அந்தச் சட்டமேகூட இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரிக்கிறது. டெல்லிக்குத் தெரிந்த இந்த வித்தியாசம் எங்கள் தெருப் பெரியவர்களுக்குத் தெரியவில்லை. சீட்டாட்டமும் மாரியோவும் அவர்களுக்கு ஒன்று.

டிவி கேமில் 'காண்ட்ரா' ஆடிய தலைமுறைக்குத் தெரியும், எட்டாவது கட்டத்தில் வேற்றுக் கிரகப் பிராணியின் துடிக்கும் இதயத்தைச் சுடுவது இரண்டு பேர் ஒற்றுமையாக இருந்தால்தான் சுலபம். பிறகு பிரவுசிங் சென்டர்களில் 'வைஸ் சிட்டி', அரசு கொடுத்த லேப்டாப்பிலும் 'வைஸ் சிட்டி'. பிறகு பப்ஜி, 2020 செப்டம்பரில் அதற்குத் தடை வந்தபோது விலை குறைந்த போன் வைத்திருந்தவர்கள் ஏற்கெனவே 'ஃப்ரீ ஃபயர்' பக்கம் போயிருந்தார்கள், அது சின்னப் போனிலும் ஓடும் என்பதால். சில கேம்கள் குப்பை, ஒத்துக்கொள்கிறேன். துப்பாக்கிக்குப் புதுச் சட்டை வாங்கப் பன்னிரண்டு வயதுப் பையனிடம் காசு கேட்பதை நான் ரசிகன் என்பதற்காக மன்னிக்க முடியாது. எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் வேறு. பப்ஜியில் வரும் போச்சிங்கி ஊரில் எந்த வீட்டில் எந்த ஜன்னல் என்று மனப்பாடமாகத் தெரிந்த பையனுக்குத் தன் ஊர்க் கண்மாயில் எத்தனை மடை என்று தெரியாது. அவனைத் திட்டுவதில் பிரயோசனம் இல்லை. அவன் ஊரை யாரும் கேமாக வரைந்து கொடுக்கவில்லை.

வரைந்தால் எடுபடாதா? 2023இல் டொராண்டோவிலிருந்து 'வெண்பா' என்ற கேம் வந்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ் அம்மா, கிழிந்த சமையல் நோட்டைப் பார்த்து இட்லி அவிக்கிறாள், விளையாட்டே அதுதான். அடுத்த ஆண்டு பாஃப்டாவில் சிறந்த அறிமுகக் கேம் விருது அதற்குக் கிடைத்தது. விவசாயக் கேம்களில் பேர்பெற்ற 'ஸ்டார்ட்யூ வேலி'யும் எனக்குப் பிடித்ததுதான், ஆனால் அதில் குளத்தில் எவ்வளவு மொண்டாலும் தண்ணீர் குறையாது. எங்கள் ஊரில் ஒருத்தன் எழுதியிருந்தால் அந்தப் பிழை நடந்திருக்காது.

எழுத வேண்டிய கேம் காத்துக்கிடக்கிறது. ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் கண்மாய்கள். மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் அடுத்ததற்குத் தண்ணீர். மழை எப்போது வரும் என்று கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியும். மடையைத் திறக்கும் நீர்பாய்ச்சி நீங்கள். சீக்கிரம் திறந்தால் தை மாதம் கதிர் பால் பிடிக்கையில் தண்ணீர் இருக்காது. தாமதித்தால் நாற்று காயும். ராத்திரியில் மேல் ஊர்க்காரன் கலிங்கில் மணல் மூட்டை அடுக்கி உயர்த்துவான். அதைத் தள்ளிவிடப் போனால் அடிதடி, பஞ்சாயத்து. உள்வாயில் கருவேலம் ஒவ்வொரு வருஷமும் ஒரு கட்டம் முன்னேறும். ஆள் சேர்த்து வெட்டலாம், அல்லது வளரவிட்டுக் கரி போட்டு அந்த வருஷத்தை ஓட்டலாம். இரண்டு பேர் எதிரெதிரே ஆடும் வசதியும் வேண்டும். என்னைக் கேட்டால் நான் மேல் கண்மாய்க்காரனாகத்தான் ஆடுவேன்.