சில்லின் மூலபாடம் எது?

முப்பது ஆண்டுகளைக் கடந்த பிஎம்டபிள்யூ 325ஐ கார் ஒன்று கைமாறும்போது, விவரமறிந்த வாங்குநர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "சில்லு ஒரிஜினல்தானா?" டேஷ்போர்டுப் பெட்டிக்கு மேலுள்ள எஞ்சின் கணினியைக் கழற்றி மூடியைத் திறந்தால், 28 கால்கள் கொண்ட ஒரு சில்லு தாங்கியில் செருகப்பட்டிருப்பது தெரியும். அதன்மேல் பாஷ் நிறுவனத்தின் எண் அச்சிட்ட ஒட்டுத்தாள் இருந்தால் தொழிற்சாலைச் சில்லு, வேறு பெயர் இருந்தால் பிறர் செய்த மாற்றுச் சில்லு என்று அத்துடன் முடிவு சொல்லிவிடுகிறார்கள். சுவடிக் கட்டின் மேற்பலகையைப் பார்த்து உள்ளிருக்கும் பாடத்தை உறுதிசெய்வதற்கு ஒப்பானது இது. சில்லின் மூலத்தன்மை அதனுள் எழுதப்பட்ட பாடத்தில் இருக்கிறது. அப்பாடத்தை ஒப்பிடுவதற்கான படிகள் பொதுவில் பேணப்படாதவரை, வாங்குநரின் கேள்விக்கு நேர்மையான விடை கிடையாது.

1979இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் அறிமுகமான பாஷ் மோட்ரானிக் முறை, எரிபொருள் தெளிப்பையும் தீப்பொறி நேரத்தையும் ஒரே கணினியின் பொறுப்பில் வைத்தது. பின்வந்த 325ஐ காரின் மோட்ரானிக் 1.3 கணினியில் இருந்த ஈப்ராம் சில்லின் கொள்ளளவு 32 கிலோபைட். அதாவது 32,768 எண்கள். அவற்றுள் ஒரு பகுதி நிரல். மற்றொரு பகுதி அட்டவணைகள். எஞ்சின் இன்ன வேகத்தில், இன்ன சுமையில் இயங்கும்போது, பிஸ்டன் உச்சியை அடைவதற்கு எத்தனை பாகை முன்னதாகத் தீப்பொறி விழ வேண்டும் என்பதை அவ்வட்டவணைகளே தீர்மானிக்கின்றன. அவற்றைத் திருத்தினால், ஒரு திருகைக்கூடத் தொடாமல் எஞ்சினின் குணத்தை மாற்றிவிடலாம். திறன்கூட்டும் சில்லுகளின் வணிகம் முழுவதும் இதன்மேல் எழுந்ததுதான்.

இதில் ஆபத்தும் உண்டு. தீப்பொறியை முன்னகர்த்தும் சில்லுகள் பெரும்பாலும் உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலை எதிர்பார்த்து எழுதப்பட்டவை. இந்த எஞ்சினிலோ நாக்கிங்கை உணரும் கருவி கிடையாது. தொழிற்சாலைச் சில்லு என்று நம்பிச் சாதாரணப் பெட்ரோலை ஊற்றும் புதிய உரிமையாளருக்குப் பிழை தெரியவரும்போது பிஸ்டன் பழுதாகியிருக்கலாம்.

புறச்சான்றுகளை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அவற்றின் எல்லையை அறிந்தால் போதும். சில்லின்மேல் நான்கு இலக்கங்களில் ஆண்டும் வாரமும் பொறிக்கப்படுவது வழக்கம். கணினி தயாரான காலத்துக்குப் பிந்தைய எண் சில்லில் இருந்தால், அது பின்னர் பொருத்தப்பட்டது என்பது ஏறத்தாழ உறுதி. காலம் பொருந்தினால் மட்டும் மூலம் என்று சொல்லிவிட முடியாது. ஈப்ராமின் குவார்ட்ஸ் சாளரத்தின் வழியே புறஊதா ஒளியைச் செலுத்திப் பழைய பாடத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதலாம். பழைய ஒட்டுத்தாளையே மீண்டும் ஒட்டலாம். ஏடு பழையது, எழுத்துப் புதியது என்ற நிலை சுவடியியலாருக்குப் புதிதன்று. தேவைக்கு மேல் இரட்டிப்புக் கொள்ளளவுள்ள சில்லில் ஒரே பாடம் இருமுறை எழுதப்பட்டிருப்பதும் ஐயத்துக்குரிய அடையாளமே.

உறுதியான சான்று அகத்தே கிடைப்பது. சில்லைப் படிகருவியில் வைத்து 32,768 எண்களையும் எடுத்து, ஐயமற்ற ஒரு படியோடு ஒப்பிட வேண்டும். அங்கும் எல்லா வேறுபாடும் இடைச்செருகல் ஆகிவிடாது. ஈப்ராமில் ஒவ்வொரு பிட்டும் சிறைப்பட்ட மின்னூட்டமாக நிற்கிறது. பல்லாண்டுகளில் அது கசியும். கசிவுக்கு ஒரு திசை உண்டு: எழுதப்பட்ட 0, அழிக்கப்பட்ட நிலையான 1 ஆக மாறும். எனவே, தொடர்பற்ற இடங்களில் 0 மட்டும் 1 ஆகியிருந்தால் அது செல்லரிப்பு. மின்னழுத்தத்தைச் சற்று மாற்றிப் படித்தால் அத்தகைய பிட்டுகள் ஒருமுறை ஒன்றும் மறுமுறை வேறொன்றும் காட்டுவதுண்டு. வேறுபாடுகள் இரு திசையிலும் இருந்து, தீப்பொறி அட்டவணையின் அடுத்தடுத்த கட்டங்களில் ஒழுங்காகக் கூடிச்சென்றால், அங்கே ஒரு கை வேலை செய்திருக்கிறது. ஏடெழுதுவோர் பிழையையும் வேண்டுமென்றே செய்த திருத்தத்தையும் பிரித்தறியும் அதே பயிற்சிதான் இங்கும் பயன்படுகிறது.

ஒப்பிடுவதற்கு வேண்டிய அந்த ஐயமற்ற படி எங்கே இருக்கிறது? சிக்கலின் வேர் இதுவே. தொழிற்சாலைப் பாடமும் ஒன்றன்று. கார் விற்கப்பட்ட நாடு, வினையூக்கிப் பொறி உண்டா இல்லையா என்பவற்றுக்கேற்பப் பாடம் வேறுபடும்; தயாரிப்பாளரே பின்னர்த் திருத்தியதும் உண்டு. பிஎம்டபிள்யூ கார்களைத் தன் முறையில் மாற்றியமைத்த அல்பினாவை ஜெர்மனி 1983இல் தனி வாகனத் தயாரிப்பாளராகவே ஏற்றது. அதன் சில்லு பிஎம்டபிள்யூவின் பாடத்திலிருந்து விலகியது. எனினும் அல்பினா காருக்கு அதுவே மூலம். இத்தனை பாடபேதங்களைத் தொகுத்துவைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆர்வலர்கள். அவர்களின் வன்தட்டோடு அத்தொகுப்பும் மறையலாம். காரில் இருக்கும் சில்லுகளோ நாள்தோறும் மின்னூட்டத்தை இழந்துகொண்டிருக்கின்றன.

மூலம் என்ற கருத்துக்கே இத்தனை மதிப்பு வேண்டுமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. 2015இல் அம்பலமான ஃபோக்ஸ்வேகன் புகை மோசடியில் குற்றம் இருந்தது தொழிற்சாலையின் சொந்த நிரலில்தான். ஆகவே மூலபாடம் என்பதால் மட்டும் அது தூயது ஆகிவிடாது. மாற்றியது என்பதால் மட்டும் தீயதும் ஆகாது. ஆனால் நல்லதா தீயதா என்ற தீர்ப்புக்கு முன் பாடம் எது என்பது தெரிய வேண்டும். மறைக்கப்பட்ட பாடத்தின்மேல் எந்தத் திறனாய்வும் நடக்காது.

சட்டமும் இங்கே பார்வையற்று நிற்கிறது. இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றோடு முரண்படும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. எஞ்சின் எண்ணும் கனஅளவும் அப்படியே இருக்க, அட்டவணை மட்டும் மாறினால் சான்றிதழில் அதன் சுவடே விழாது. அமெரிக்காவில் பழுதுபார்ப்புக்காகவும் சட்டத்துக்கு உட்பட்ட மாற்றங்களுக்காகவும் வாகன நிரல்களை அணுக உரிமையாளருக்குப் பதிப்புரிமை விலக்கு 2015இல் அளிக்கப்பட்டது. படிக்கும் உரிமை அவ்வாறு ஓரளவு கிடைத்தது. படித்ததை ஒப்பிட்டுப் பார்க்கும் நூலகம்தான் இன்னும் அமையவில்லை.

உற்பத்தி நின்று 25 ஆண்டுகள் கடந்த எஞ்சின் கணினிகளின் எல்லாத் தொழிற்சாலைப் பாடங்களையும் தயாரிப்பாளர்கள் பொது ஆவணகத்தில் ஒப்படைக்க வேண்டும். அதுவரை பொறியியல் கல்லூரிகளும் வாகன அருங்காட்சியகங்களும் காத்திருக்கத் தேவையில்லை. கைக்கு வரும் ஒவ்வொரு பழைய சில்லையும் பலமுறை படித்து, கணினியின் பகுதி எண், சில்லின் கால எண், காரின் விற்பனை நாடு ஆகியவற்றோடு பதிந்துவைக்கலாம். படிகருவியின் விலை பெரிதன்று. ஒரு சில்லைப் படிக்கச் சில நிமிடங்களே பிடிக்கும். முதற்படிகளைத் தொலைத்துவிட்டுப் பிற்காலப் படிகளிலிருந்து மூலத்தை ஊகிப்பது எவ்வளவு கடினம் என்பதை மொழித்துறையினர் நன்கறிவர். இந்தப் பாடங்களின் முதற்படிகள் இன்னும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன.