ரேடியம்னு சொல்லாதீங்க, ப்ளீஸ்!



அம்பத்தூர்ல இருந்து ஆவடி வரைக்கும் சி.டி.ஹெச். ரோட்டில் நம்பர் பிளேட் கடைகளில் "ரேடியம் கட்டிங்" என்று போர்டு பார்த்திருப்பீர்கள். நானும் என் சைக்கிளில் ஒரு பட்டை ஒட்டினேன். இருட்டுல தானா எரியுமே என்ற தைரியத்தில், ரிப்பேரான லைட்டை சரி பண்ணாமலே விட்டுட்டேன்.

ஒருநாள் ராத்திரி கரண்ட் போனது. வராண்டாவில் சைக்கிளைப் பார்த்தால் பட்டை இருக்கும் இடமே தெரியலை! தம்பி சுவரில் ஒட்டிய நட்சத்திரம் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. டார்ச் அடித்தேன். உடனே பட்டை பளிச்!

அந்தப் பட்டையில் இருப்பது பொடிப்பொடி கண்ணாடி மணிகள். வந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். எதிரில் ஹெட்லைட் இல்லாத ஆளுக்கு நாம் தெரியவே மாட்டோம். நட்சத்திரத்தில் இருப்பது வேறு: ஸ்ட்ரான்சியம் அலுமினேட். வெளிச்சத்தைச் சேமித்து மெதுவாக விடும். இரண்டிலுமே ரேடியம் கிடையாது. 1898-ல் கியூரி தம்பதியர் கண்டுபிடித்த நிஜ ரேடியத்தை, 1917 முதல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் கடிகார முகப்பில் பூசினார்கள். பிரஷ் நுனியை உதட்டில் கூராக்கிய பெண்களுக்குத் தாடை எலும்பே அரித்துப்போனது. பலர் இறந்தார்கள். அந்தப் பேரையா சைக்கிளுக்கு வைப்பது?

என் ஆசை இன்னொன்று. ஸ்பெஷல் கிளாஸ் நேரத்தில் கரண்ட் போனால் நம் பின்பக்க மாடிப்படியில் தடவித்தான் இறங்குகிறோம். படி ஓரத்தில் ஒளிரும் கண்ணாடி பதிக்கலாமே! வெறும் பொடியைப் பூசினால், படி கழுவுற தண்ணியிலேயே கெட்டுவிடும். கண்ணாடிக்குள் இருந்தால் தண்ணீர் தொடாது. ஆனால் ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரியில் ஜன்னல் கண்ணாடி உருகுவது சுமார் 1500 டிகிரியில். அதில் போட்டால் பொடியே செத்துப்போகும். அதனால் குறைந்த சூட்டில் உருகும் கண்ணாடியில் கலக்கிறார்கள், இல்லாவிட்டால் இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து ஒட்டுகிறார்கள்.

"எமர்ஜென்சி லைட் வாங்கினா முடிஞ்சுது, இதுக்குப் போய்..." என்கிறான் என் பெஞ்ச் நண்பன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் எத்தனை எமர்ஜென்சி லைட் இரண்டாம் நாள் எரிந்தது என்று அவனையே கேட்கிறேன். இதுக்கு டியூப்லைட் வெளிச்சம் பட்டாலே போதும். படிக்கிற அளவுக்கு ஒளிராது, நேரம் ஆக ஆக மங்கும், ஒத்துக்கறேன். படியின் விளிம்பு தெரியும்ல?

சைக்கிள் லைட்டை அப்பா சரி பண்ணிக் கொடுத்துட்டார். படிக்கட்டு, தலைமையாசிரியர் ஐயா கையில்!

- 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்