திரைக்குக் காசு போடுங்கோ, பிக்சலுக்கு வேண்டாம்

லப்டொப் வாங்கப் போனால் கடைக்காரர் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இது 4கே தம்பி, அது வெறும் புல் எச்.டி" என்பார். அந்த "வெறும்" என்ற சொல்லுக்குத்தான் எங்கட காசு போகுது. என்னுடைய கருத்து இதுதான்: நல்ல திரைக்குக் காசு போடுங்கோ. ஆனால் புல் எச்.டிக்கு மேலே பிக்சல் எண்ணிக்கைக்காக மட்டும் போடாதேங்கோ.

காசு எண்டால் சும்மா விசயம் இல்லை. 2022இல் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 வரை போனது. அதுக்குப் பிறகு கம்பஸ் போற பிள்ளைக்கு லப்டொப் எடுக்கிறது வீட்டில் எல்லாரும் கூடி எடுக்கிற முடிவு. அம்மாவின் சீட்டுக்காசும் வெளிநாட்டு மாமா அனுப்பினதும் அதுக்குள் இருக்கும். ஒருக்கா வாங்கினால் ஐந்தாறு வருசத்துக்கு அதுதான்.

முதலில் கீழ் எல்லை. 1366×768 திரை மலிவு லப்டொப்புகளிலும் பாவிச்ச லப்டொப்புகளிலும் இன்னும் வருகுது. அதை எடுக்காதேங்கோ. ஆங்கிலம் மட்டும் வாசிக்கிறவர் அதில் சமாளிக்கலாம். தமிழ் வாசிக்கிறவருக்குக் கஷ்டம். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன, ஞ, றூ எல்லாம் சின்ன இடத்துக்குள் கனக்க வளைவு கேட்கிற எழுத்துகள். நூலகம் தளத்தில் ஸ்கான் செய்து வைத்திருக்கிற பழைய சஞ்சிகை ஒன்றைத் திறந்து, ஏ4 அளவுப் பக்கம் முழுவதும் தெரியிற மாதிரி வையுங்கோ. 10 பொயின்ற் எழுத்துக்கு 768 திரையில் உயரமாக 7 பிக்சல் அளவில்தான் கிடைக்கும். அதுக்குள் மூன்று சுழி எப்படி நிற்கும்? எல்லாம் அடைபட்டுக் கரும்பொட்டாகிவிடும். 1920×1080இல் அது 10, 11 ஆகும். மொத்தப் பிக்சல் 10.5 இலட்சத்தில் இருந்து 20.7 இலட்சமாகக் கூடும். இதுக்குக் குடுக்கிற காசு வீண் இல்லை.

இனி மேல் எல்லை. சாதாரண பார்வை உள்ள கண், 50, 60 சென்ரிமீற்றர் தூரத்தில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 145 முதல் 175 பிக்சல் வரைதான் பிரித்துப் பார்க்கும். 15.6 அங்குல புல் எச்.டி திரையில் 141 இருக்கு, 14 அங்குலத்தில் 157. கண்ணின் எல்லைக்கு ஏற்கெனவே கிட்ட வந்தாச்சு. 15.6 அங்குல 4கேயில் 282. போனை முகத்துக்குக் கிட்டப் பிடிக்கிறபடியால் அதில் அந்த அடர்த்திக்கு அர்த்தம் இருக்கு. லப்டொப்பை ஆரும் அப்படிப் பிடிக்கிறேல்லை.

"4கேயில் கனக்க இடம் கிடைக்கும்தானே?" எண்டு கேட்பினம். கணக்கைப் பாருங்கோ. 15.6 அங்குல 4கே திரையில் எழுத்து வாசிக்கிற அளவில் வர, வின்டோஸில் அளவை வழக்கமாக 250 வீதம் வைக்கவேணும். புல் எச்.டியில் 125 வீதம். இரண்டையும் வகுத்துப் பார்த்தால் விடை ஒன்றுதான்: 1536×864. இடம் அதே இடம், எழுத்து மட்டும் கொஞ்சம் கூர்மை. அந்தக் கூர்மைக்குப் பற்றரியும் விலை குடுக்கும். பிக்சல் சிறுக்கச் சிறுக்க எல்.சி.டி திரையில் வெளிச்சம் வெளியே வருகிற இடம் குறையும், பின்னால் இருக்கிற விளக்கு கூடப் பிரகாசமாக எரியவேணும். கிராபிக்ஸ் சிப்பும் நாலு மடங்கு பிக்சலை வரையவேணும்.

மற்றப் பக்கத்திலும் ஒரு நல்ல வாதம் இருக்கு. "ராம் பிறகு கூட்டலாம், எஸ்.எஸ்.டி மாத்தலாம், திரை கடைசிவரை அதேதான். அதில் மிச்சம் பிடிக்காதே" என்பினம். பெரும்பாலும் சரிதான். ராம் போர்ட்டோடு ஒட்டினதா எண்டு மட்டும் கேட்டுக்கொள்ளுங்கோ. நானும் திரைக்குக் காசு போடத்தான் சொல்கிறேன். ஆனால் திரை எண்டால் பிக்சல் மட்டும் இல்லை. ஒரே 1920×1080 எண்ட பெயரில் இரண்டு வேறு சாமான் வருகுது. ஒன்றில் 250 நிற் வெளிச்சம், 45 வீத என்.ரீ.எஸ்.சி நிறம். பகலில் விறாந்தையில் இருந்து பார்த்தால் மங்கிப்போகும், சிவப்பு வெளிறிச் செங்கல் நிறமாகத் தெரியும். மற்றதில் 300, 400 நிற், எஸ்.ஆர்.ஜி.பி நிறம் 100 வீதம். 4கேயின் கூர்மையைக் கண்டுபிடிக்கக் கண்ணைச் சுருக்கவேணும். இந்த வித்தியாசம் அம்மம்மாவுக்கும் தெரியும். ஐ.பி.எஸ் திரையா எண்டும் கேளுங்கோ, பக்கத்தில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. 1920×1200 கிடைத்தால் இன்னும் நல்லது. 120 வரி கூட உயரம், வாசிக்கிறவருக்கும் கோட் எழுதுகிறவருக்கும் உதவும்.

படம் திருத்தி உழைக்கிறவர், 4கே வீடியோ வெட்டுகிறவர் கூடின பிக்சல் எடுக்கலாம், அது அவர்களின் தொழில். அவர்களும் முதலில் நிறத்தைப் பார்க்கவேணும். மக்புக் எடுக்கிற ஆக்களுக்குத் தெரிவு இல்லை. 2012இல் 15 அங்குல மக்புக் ப்ரோவில் 2880×1800 திரையைக் கொண்டுவந்த அப்பிள், பிறகு எல்லா மக்புக்கையும் அந்தப் பாதையில் கொண்டுபோய்விட்டது. கூர்மையான எழுத்து வடிவுதான், நான் மறுக்கேல்லை. அந்த வடிவுக்காகக் கடன்படவேண்டாம் எண்டுதான் சொல்கிறேன்.

கடைக்குப் போகேக்க ஒரு பென்டிரைவில் தமிழ் பீ.டி.எப் ஒன்றைக் கொண்டுபோங்கோ. வழக்கமாக இருக்கிற தூரத்தில் இருந்து ஒரு பக்கம் வாசியுங்கோ. பிறகு லப்டொப்பை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு பக்கம். ண, ன பிரிந்து தெரிந்து, வெளிச்சத்திலும் வாசிக்க முடிந்தால் அந்தத் திரை போதும். மிச்சக் காசில் ராமை 16 ஜீ.பீ ஆக்குங்கோ.