தமிழ்ச் செயலிகள் நிலைக்க வேண்டுமானால்...

ரொறன்ரோ மாநகரின் கிழக்கே, ஸ்காபுறோவில், மோர்னிங்சைட் சாலையும் எல்ஸ்மியர் வீதியும் சந்திக்கும் பகுதியில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபுறோ வளாகமும் சென்ரெனியல் கல்லூரியின் மோர்னிங்சைட் வளாகமும் அருகருகே அமைந்துள்ளன. புலம்பெயர் தமிழர் செறிந்து வாழும் இப்பகுதியிலேதான், 2017 ஓகஸ்ட் 25 முதல் 27 வரை, உத்தமம் அமைப்பின் பதினாறாவது தமிழ் இணைய மாநாடு அப்பல்கலைக்கழக வளாகத்தில் நடைபெற்றது. அதே வளாகத்தில் தமிழ் இருக்கை ஒன்றை நிறுவுவதற்கான 30 இலட்சம் டொலர் நிதி இலக்கு 2021 இல் எட்டப்பட்டது. தமிழும் கணினியும் ஒரே வளாகத்தில் சந்தித்துக்கொண்ட இடம் மோர்னிங்சைட் எனலாம்.

இங்கு கணினி அறிவியல் கற்று வெளியேறும் தமிழ் இளையோரில் பெரும்பாலானோர் வங்கி, தொலைத்தொடர்பு, அரசுத் திணைக்களம் என்று நிலையான வேலைகளையே நாடுகின்றனர். அகதியாக வந்து இரண்டு வேலை பார்த்து வீட்டுக்கடன் கட்டிய பெற்றோர், பிள்ளைக்கு மாதச் சம்பளமும் மருத்துவக் காப்புறுதியும் உள்ள தொழில் வேண்டுமென எண்ணுவதில் வியப்பில்லை. ஆயினும் கைத்தொலைபேசிச் செயலிகளைத் தாமே வடிவமைத்து, தாமே வெளியிட்டு, அதையே தொழிலாகக் கொள்ள முனையும் சிலரும் உள்ளனர். இத்தகையோரை உறவினர் இருவகையாக நோக்குகின்றனர். ஒரு சாரார் "வீட்டிலே சும்மா இருக்கிறான்" என்கின்றனர். மறு சாரார் "நாளைக்குக் கோடீஸ்வரன்" என்கின்றனர். இரண்டுமே உண்மைக்குப் புறம்பானவை. தனித்துச் செயலி உருவாக்குதல் ஒரு சிறுதொழில். மளிகைக்கடைக்கு உள்ளதைப் போன்றே அதற்கும் முதல் உண்டு, வாடகை உண்டு, தரகு உண்டு, நட்டமும் உண்டு.

தமிழில் செயலி செய்வோருக்கு இவற்றின் மேலாக இன்னொரு சுமையும் உண்டு. "தமிழுக்குச் செய்வதற்குக் காசு கேட்பதா?" என்ற கேள்வியே அது. இக்கேள்வியைச் சமூகம் மறுபரிசீலனை செய்யவேண்டிய காலம் வந்துவிட்டது.

தனியொருவரின் உழைப்பு தமிழை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்குச் செல்லினம் தக்க சான்றாகும். மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 1985 இல் முரசு என்ற பெயரில் கணினிக்கான தமிழ் மென்பொருளைத் தொடங்கினார். 2005 ஆம் ஆண்டு சனவரியில், பொங்கலை ஒட்டி, கைத்தொலைபேசியில் தமிழில் குறுஞ்செய்தி எழுத உதவும் செல்லினம் அவரது முயற்சியில் சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. ஐபோனே பிறந்திராத காலம் அது. அன்றைய கைத்தொலைபேசிகள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்து இருக்கவில்லை. பின்னர் ஐபோனும் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளும் வந்தபோது, அவற்றுக்கேற்பச் செல்லினம் மீண்டும் மீண்டும் புதிதாக எழுதப்பட்டது. 2013 இல் வெளிவந்த ஐஓஎஸ் 7 இல் தமிழ் 99, அஞ்சல் என்னும் இரு விசைமுகங்களையும் அப்பிள் நிறுவனமே சேர்த்துக்கொண்டது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது, செல்லினம் ஒரே தடவையில் செய்து முடிக்கப்பட்ட பணியன்று என்பதே. அதற்குப் பின்னால் எழுத்துரு, விசைமுகம் ஆகியவற்றைத் தொழிலாகவே நடத்திய ஒரு நிறுவனம் இருந்தது. தொழில் நின்றதால் சேவையும் நின்று நிலைத்தது. தொழில் இல்லாமல் ஆர்வம் மட்டும் இருந்திருப்பின், 2005 ஆம் ஆண்டுக் கைத்தொலைபேசிகளோடு அதுவும் மறைந்திருக்கும்.

நூல் ஒன்றை அச்சிட்டுவிட்டால் நூறாண்டு கழித்தும் படிக்கலாம். செயலி அவ்வாறன்று. 2017 செப்டெம்பரில் வெளிவந்த ஐஓஎஸ் 11, 32 பிற்றுச் செயலிகளை முற்றாகக் கைவிட்டது. 64 பிற்றுக்கு மாற்றப்படாத செயலிகள் ஒரே நாளில் இயங்காமற் போயின. கூகிள் அங்காடி ஆண்டுதோறும் புதிய இயங்குதளத்திற்கேற்பச் செயலிகளை இற்றைப்படுத்துமாறு கோருகிறது. மூன்று ஆண்டுகளாக இற்றைப்படுத்தப்படாமலும் மிகக் குறைவாகவே தரவிறக்கப்பட்டும் இருக்கும் செயலிகள் அகற்றப்படலாம் என 2022 இல் அப்பிள் அறிவித்தது. குறைந்த தொகையினர் பயன்படுத்தும் மொழிகளின் செயலிகளுக்கு இவ்விதி எத்துணைப் பாதகமானது என்பதை விளக்கவேண்டியதில்லை. குழந்தைகளுக்கான ஆத்திசூடிச் செயலியோ, தேவாரச் செயலியோ, பிழையின்றி இருந்தாலும், பார்ப்பார் இல்லையெனில் அங்காடியிலிருந்து மறைந்துவிடும்.

இனி வரவு செலவைப் பார்ப்போம். அப்பிள் அங்காடியில் வெளியிட ஆண்டுக்கு 99 அமெரிக்க டொலர் செலுத்தவேண்டும். கூகிளுக்கு ஒரு தடவை 25 டொலர். 2008 யூலையில் அப்பிள் அங்காடி திறக்கப்பட்டபோது விற்பனையில் 30 வீதம் தரகாகக் கழிக்கப்பட்டது. 2021 இல் இரு நிறுவனங்களும் சிறு உருவாக்குநருக்கு அதனை 15 வீதமாகக் குறைத்தன. நான்கு டொலர் விலையுள்ள செயலி ஒன்று விற்றால், 15 வீதத் தரகு போக 3 டொலர் 40 சதம் கிடைக்கும். ஆண்டுக்கு 60,000 டொலர் ஈட்டவேண்டுமாயின் 17,600 இற்கு மேற்பட்டோர் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வாங்கவேண்டும். தமிழ்ச் செயலி ஒன்றை மட்டும் நம்பி ஒருவர் ரொறன்ரோவில் வாழ்வது ஏன் அரிது என்பதற்கு இக்கணக்கே போதும். எனவே பகலில் பிறருக்கு ஒப்பந்த அடிப்படையில் செயலி செய்து, அந்த வருவாயில் இரவில் தமிழ்ச் செயலியைப் பேணுவதே நடைமுறைக்கு உகந்த வழியாகத் தோன்றுகிறது.

அவ்வழியிற் செல்வோர் கனடாவின் சட்டங்களைத் தொடக்கத்திலேயே அறிந்திருத்தல் அவசியம். சுயதொழில் புரிவோர் கனடா ஓய்வூதியத் திட்டத்திற்குத் தொழிலாளி, முதலாளி ஆகிய இருவரின் பங்கையும் தாமே செலுத்தவேண்டும். ஊழியருக்கு 5.95 வீதமாக உள்ள அடிப்படைப் பங்களிப்பு இவர்களுக்கு 11.9 வீதமாகிறது. தொடர்ச்சியான நான்கு காலாண்டுகளில் வருவாய் 30,000 டொலரைத் தாண்டினால் விற்பனை வரிக்குப் பதிவுசெய்ய வேண்டும். வெளிநாட்டவருக்குச் செய்யும் விற்பனையும் பொதுவாக இக்கணக்கில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வருமானவரிப் படிவத்தைச் சமர்ப்பிக்க யூன் 15 வரை அவகாசம் உண்டெனினும், செலுத்தவேண்டிய வரியை ஏப்பிரல் 30 இற்குள் செலுத்தாவிடின் வட்டி ஏறும். வேலை இழப்புக்கான காப்புறுதிப் பணம் சுயதொழில் புரிவோருக்குக் கிடையாது. விரும்பிப் பதிவுசெய்வோர் மகப்பேறு, நோய் போன்ற சிறப்பு உதவிகளை மட்டுமே பெறலாம். ஆறு மாதச் செலவுக்கான சேமிப்பின்றி நிலையான வேலையைக் கைவிடுதல் துணிச்சலாகாது.

உரிமை பற்றிய விடயம் இதனிலும் முக்கியமானது. கனடாவின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் ஒருவர் தமது வேலையின் பகுதியாக எழுதும் நிரலின் முதல் உரிமையாளர், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, முதலாளியே. மாறாகச் சுயாதீன ஒப்பந்தக்காரர் எழுதும் நிரல், எழுத்து மூலம் கைமாற்றப்படாதவரை அவருக்கே உரியது. பகலில் நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்து இரவில் தமது செயலியை எழுதுவோர், அலுவலகக் கணினியிலோ அலுவலக நேரத்திலோ அதனைத் தொடாதிருப்பதும், தமது வேலை ஒப்பந்தத்தை வரிக்குவரி வாசிப்பதும் நன்று. ஒன்றாரியோ மாகாணத்தில் 2021 ஒக்டோபர் 25 இற்குப் பின்னர், உயர் நிர்வாகிகள் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, ஊழியரைப் போட்டித் தொழில் செய்யவிடாது தடுக்கும் ஒப்பந்தங்கள் செல்லாதவையாக்கப்பட்டன. ஆயினும் நிறுவன இரகசியங்களைக் காக்கும் கடமை நீங்கிவிடவில்லை.

பிறர் நிலத்தில் வீடு கட்டுவதன் ஆபத்தையும் மறத்தலாகாது. ஹலிஃபக்ஸ் நகரைச் சேர்ந்த கிறிஸ்டியன் செலிக் என்பவர் 2017 இல் வெளியிட்ட அப்பலோ என்ற செயலி, ரெடிற் தளத்தை வாசிப்பதற்குப் பல இலட்சம் பேர் விரும்பிப் பயன்படுத்திய ஒன்று. 2023 இல் ரெடிற் நிறுவனம் தனது தரவுகளுக்குக் கட்டணம் விதித்தபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கோடி அமெரிக்க டொலர் செலுத்த நேரிடும் என அவர் கணக்கிட்டார். அவ்வாண்டு யூன் 30 உடன் அப்பலோ மூடப்பட்டது. செயலியில் குறையேதும் இருக்கவில்லை. நிலம் மற்றொருவருடையதாக இருந்தது. தமிழ் அகராதிகளையும் பாடநூல்களையும் செயலிகளாக்குவோர், தரவு தமது கையில் உள்ளதா, திறந்த உரிமத்தில் உள்ளதா என்பதை முதலில் உறுதிசெய்தல் வேண்டும்.

தமிழர் அமைப்புகளுக்கும் இதில் பாடம் உண்டு. கோயில்கள், தமிழ்ப் பள்ளிகள், ஊர்ச் சங்கங்கள் ஆகியன தொண்டர் ஒருவரைக் கொண்டு செயலி செய்வித்து, பொன்னாடை போர்த்தி வெளியீட்டு விழா நடத்துகின்றன. செயலி அத்தொண்டரின் சொந்தக் கணக்கில் இருக்கும். அவருக்குத் திருமணமாகும், வேறு நகரில் வேலை கிடைக்கும், குழந்தை பிறக்கும். ஆண்டுக் கட்டணம் செலுத்தப்படாமல் செயலி அங்காடியிலிருந்து மறையும். மூலநிரல் எங்குள்ளது என்று சங்கத்தில் எவருக்கும் தெரியாது. இதில் அத்தொண்டரைக் குறைகூற இடமில்லை. மண்டபத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் உணவுக்கும் பணம் ஒதுக்கிய சங்கம், பராமரிப்புக்கு ஒரு டொலரும் ஒதுக்கவில்லை என்பதே குறை.

இதனைத் திருத்துதல் கடினமன்று. செயலியை அமைப்பின் பெயரிலான கணக்கில் வெளியிடல் வேண்டும். பதிவுபெற்ற இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு அப்பிளின் ஆண்டுக் கட்டணத்திலிருந்து விலக்குப் பெறும் வாய்ப்புக் கனடாவில் உண்டு. நிரலின் உரிமை யாருக்கு, பிரதி எங்கே, இற்றைப்படுத்துவோர் யார், ஆண்டுக்கு எத்தனை மணி நேரம், என்ன ஊதியம் என்பவற்றை இரண்டு பக்க ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளலாம். ஊதியம் சிறிதாயினும் எழுதப்பட்டதாக இருக்கட்டும்.

பணம் கொடுக்க இயலாதோரும் உதவலாம். 2023 நவம்பருக்குப் பின் கூகிள் அங்காடியில் புதிதாகத் தனிநபர் கணக்குத் திறப்போர், தமது செயலியை வெளியிடுமுன் 20 பேரைக் கொண்டு தொடர்ந்து 14 நாட்கள் பரிசோதிக்க வேண்டுமென்ற விதி வந்தது. 2024 டிசெம்பரில் அத்தொகை 12 ஆகக் குறைக்கப்பட்டது. அறிமுகமற்ற இளைஞர் ஒருவருக்கு அந்தப் பன்னிரண்டு பேரைத் தேடிப்பிடிப்பதே பெரும்பாடு. மோர்னிங்சைட்டில் ஒரு தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் பன்னிரண்டு பேர் கைதூக்கினால் அத்தடை நீங்கிவிடும். எழுத்துப் பிழைகளைச் சுட்டுவதற்கும், வயதானோர் வாசிக்கக்கூடிய எழுத்தளவா எனச் சொல்வதற்கும் கணினி அறிவு தேவையில்லை.

நான்கு டொலர் என்பது ரொறன்ரோவில் ஒரு கோப்பியும் வடையும் வாங்கும் பணம். பிள்ளை தமிழ் எழுதப் பழகும் செயலிக்கு அதனைக் கொடுக்கத் தயங்குவோர், அதே செயலி இரண்டாண்டின் பின் திறக்க மறுக்கும்போது "தமிழில் ஒன்றுமே ஒழுங்காக இல்லை" என்று சலித்துக்கொள்வது முறையன்று. நாடகத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கும் சமூகம், வார இதழுக்குச் சந்தா கட்டிய சமூகம், செயலிக்கும் விலை கொடுக்கப் பழகவேண்டும். விலை கேட்பதற்கு இளையோரும் கூச வேண்டியதில்லை.

இங்கு பிறந்த தலைமுறைக்குத் தமிழ் முதலிற் தென்படும் இடம் ஏட்டிலன்று, கைத்தொலைபேசியின் திரையிலேயே. அத்திரையில் தமிழைப் பேணும் சிலரைக் கைதட்டலோடு மட்டும் அனுப்பிவிட்டால், அவர்களும் நிலையான வேலையைத் தேடிச் செல்வர். அதற்காக அவர்களை எவரும் குறைசொல்ல இயலாது. அடுத்த செயலி வெளியீட்டு விழாவுக்குத் திட்டமிடும் சங்கங்கள், மண்டபத்தைப் பதிவுசெய்யுமுன் மூன்றாண்டுப் பராமரிப்புக்கான தொகையை ஒதுக்கிவைப்பதிலிருந்து இம்மாற்றம் தொடங்கட்டும்.