ஊரைப் படமெடுக்கும் மாணவர்கள்: முதல் ஷோ யாருக்கு?

சென்னை - அரக்கோணம் மின்சார ரயிலில் வந்து, திருவாலங்காட்டில் கேமரா பையோடு இறங்கும் ஒரு கல்லூரிக் குழு முதலில் எங்கே போகும்? கோயிலுக்குத்தான். வடாரண்யேஸ்வரர் கோயில், நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான ரத்தின சபை, காரைக்கால் அம்மையார். மதியத்துக்குள்ள பாதிப் படம் முடிஞ்சிடும். அதில் தப்பு ஒண்ணும் இல்லை. ஆனா, அந்தப் பாதி ஏற்கெனவே நூறு யூடியூப் சேனல்களில் இருக்கிறது. மீதிப் பாதி மனுஷங்க கதை. சிக்கல் ஆரம்பிக்கிறதே அங்கேதான்.

ஆவணப்படம் இப்போது விஸ்காம் மாணவர்களின் சமாச்சாரம் மட்டும் இல்லை. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்பட விழா நடக்கிறது. படம் பார்த்து, அதைப் பற்றிப் பேசி, எழுதிப் பழகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பி.சாய்நாத் 2014-ல் தொடங்கிய 'பாரி' இணையதளம், மாணவர்கள் தங்கள் பகுதி மக்களைப் பற்றி எழுதவும் படமெடுக்கவும் ஒரு தனிப் பிரிவே வைத்திருக்கிறது. புகைப்படக் கலைஞர் எம்.பழனி குமார் வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கேமரா சொல்லிக்கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். கருவி இனி பிரச்சினை இல்லை. ஒரு செல்போன், காலரில் குத்துகிற ஒரு மைக், இலவச எடிட்டிங் ஆப் போதும்.

எடுத்த படம் யாருக்குச் சொந்தம், அது கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது? இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வி திருவாலங்காட்டுக்குப் புதுசு இல்லை. 1905-ல் இங்கே கிடைத்த செப்பேடுகள் சோழர் வரலாற்றின் முக்கியமான ஆதாரங்களில் ஒன்று. மொத்தம் 31 ஏடுகள், சோழ முத்திரை பதித்த வளையத்தில் கோத்தவை. முதலாம் ராஜேந்திர சோழன், பக்கத்தில் இருக்கும் பழையனூரை இந்தக் கோயிலுக்குக் கொடுத்ததை அவை சொல்கின்றன. சோழர் பரம்பரைப் பெருமை சமஸ்கிருதத்தில். ஊரின் எல்லை எது, எந்தப் பக்கம் எது இருக்கிறது என்ற விவரமெல்லாம் தமிழில். யோசித்துப் பார்த்தால், மெனக்கெட்டு எடுத்த ஒரு லோக்கல் ஆவணம்தான் அது! இன்றைக்கு அந்த ஏடுகள் இருப்பது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில். பழையனூர்க்காரர் ஒருவர் தன் ஊரின் ஆவணத்தைப் பார்க்கணும்னா, ஏறக்குறைய 60 கிலோமீட்டர் போகணும்.

செப்பேடுகளுக்காவது பாதுகாப்பான இடம் கிடைத்தது. மாணவர் படங்களுக்கு? செமஸ்டர் முடிந்ததும் படம் துறைத்தலைவர் மேஜையில் ஒரு பென் டிரைவ். அதிர்ஷ்டம் இருந்தால் யூடியூபில் ஒரு லிங்க். பேட்டி கொடுத்த பாட்டி அதைப் பார்த்தாரா என்பது யாருக்கும் தெரியாது.

ரஷஸ்தான் புதையல்

இந்த வட்டாரத்தில் அவசரமாகப் பதிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மொழிவழி மாநிலப் பிரிவினைக்குப் பிறகு ஆந்திரத்தில் இருந்த திருத்தணி தாலுகா, ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ல்தான் தமிழகத்தோடு இணைந்தது. அன்றைக்குப் பத்து வயதில் இருந்தவருக்கு இப்போது 75-ஐத் தாண்டிவிட்டது. எந்த மொழியில் பள்ளிக்கூடம் போனார், வீட்டில் தெலுங்கா தமிழா, கல்யாணம் எந்தப் பக்கத்தில் முடிந்தது, போராட்ட நாட்களில் தெருவில் என்ன நடந்தது... இதையெல்லாம் நேரில் கண்டவர் வாயால் கேட்க இன்னும் பத்துப் பதினைந்து வருஷம்தான் இருக்கு.

அப்படி ஒரு தாத்தாவிடம் ஒரு மணி நேரம் பேசி எடுத்தால், பத்து நிமிடப் படத்தில் அவருக்குக் கிடைப்பது நாற்பது செகண்ட். மீதி 59 நிமிடம்? 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று போன் சொன்னதும் டெலிட். ஃபுல் எச்டி-யில் ஒரு மணி நேரப் பதிவு, செட்டிங்கைப் பொறுத்து, சுமார் 8 ஜிபி வரை பிடிக்கும். 4கே என்றால் 20 ஜிபி-யைத் தாண்டலாம். மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மார்க் கிடைப்பது படத்துக்கு, ரஷஸுக்கு இல்லை. ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கிவைத்து, யார், எந்த ஊர், எந்தத் தேதி என்று பெயர் போட்டு அடுக்குகிற வேலைக்கும் ஐந்து மார்க் கொடுத்தால் கதையே மாறும்.

இலங்கைத் தமிழர்கள் இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். 1981-ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்ட இழப்பை மறக்காத சமூகம் அது. 2005-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' திட்டம் புத்தகம், பத்திரிகையோடு நிற்காமல் வாய்மொழி வரலாறு, ஒலி, காணொளி என்று சேர்த்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. திருவாலங்காட்டுத் தாத்தாவின் 59 நிமிடத்துக்கும் அப்படி ஓர் இடம் தேவை.

'அண்ணா, சும்மா பேசுங்க' போதுமா?

திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவில் இருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பல பேர் முன்பணம் வாங்கிவிட்டு வந்தவர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால், ஒரே அறையில் ஷிஃப்ட் மாற்றித் தூங்கும் வடமாநில இளைஞர்கள். மாணவர் குழுவுக்கு இது 'நல்ல சப்ஜெக்ட்'. கேமரா முன்னால் ஒருத்தர் வேலை நேரத்தையும் சம்பளப் பாக்கியையும் சொல்லிவிடுகிறார் என்று வையுங்கள். படம் யூடியூபில் ஏறுகிறது. மேஸ்திரி பார்க்கிறார். மறுநாள் அந்தத் தொழிலாளிக்கு என்னாகும்? மாணவருக்கு அது இன்டர்னல் மார்க். அவருக்கு அது வேலை.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியாச்சே என்பார்கள். ஆங்கிலத்திலோ தமிழிலோ இருக்கும் தாள், ஒடியா மட்டும் தெரிந்தவருக்கு என்ன சொல்லும்? அவர் மொழி தெரிந்த ஒருவரை வைத்து, 'இது இணையத்தில் வரும், உங்க முதலாளியும் பார்க்க முடியும், வேண்டாம்னா இப்போதும் சொல்லலாம், நாளைக்கும் சொல்லலாம்' என்று விளக்கி, அவர் சொல்லும் பதிலையும் பதிவு செய்வதுதான் ஒப்புதல். பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேணும். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. மாணவர் படத்துக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று வக்கீலைக் கேட்பது இருக்கட்டும். அம்மாவைக் கேட்டுவிட்டு எடுப்பதில் என்ன நஷ்டம்?

கொடுத்த வாக்கு என்றால் என்ன என்பதற்குப் பழையனூர் நீலி கதை இங்கேயே இருக்கு. வணிகனுக்குப் பிணை நின்ற 70 வேளாளர்கள், அவன் உயிர் போனதும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள் என்பது கதை. அதே கதையில் நீலி, ஒரு பக்கம் பழிவாங்க வந்த பேய்; இன்னொரு பக்கம் முற்பிறவியில் புருஷன் கையாலேயே கொலையான பெண். யாரிடம் மைக்கை நீட்டுகிறோமோ, கதை அந்தப் பக்கம் சாயும்.

ஃபோகோ தீவில் நடந்தது

கனடாவில் 1967-ல் ஒரு சோதனை நடந்தது. ஃபோகோ என்ற மீனவத் தீவில் வருமானம் இல்லை, எல்லாரும் வேறு இடம் போங்க என்பது அரசின் திட்டம். தேசியத் திரைப்பட வாரியத்தின் இயக்குநர் காலின் லோ அங்கே போய், ஒரு பெரிய படத்துக்குப் பதிலாக இருபதுக்கும் மேற்பட்ட குறும்படங்கள் எடுத்தார். முதலில் தீவு மக்களுக்கே போட்டுக் காட்டினார். தன் பேச்சில் பிடிக்காததை வெட்டச் சொல்லும் உரிமை பேசியவருக்கு இருந்தது. அதுக்கப்புறம்தான் அந்தப் படங்கள் அமைச்சர்களிடம் போயின. பக்கத்து ஊர்க்காரன் சொன்னதைத் திரையில் கேட்டபோது, தன் பிரச்சினையும் அதுவேதான் என்று தெரிந்துகொண்டார்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கம் வந்தது, தீவு காலியாகவில்லை. படம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனா, முதல் ஷோ ஊருக்கு என்ற முறை உலகம் முழுக்கப் பரவியது.

திருவாலங்காட்டில் இதைச் செய்யத் தியேட்டர் தேவையில்லை. தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சபை முடிந்த அன்று சாயங்காலம், பள்ளிக்கூடச் சுவரில் ஒரு வெள்ளை வேட்டி, கல்லூரியில் இருந்து ஒரு புரொஜெக்டர். கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடும் விவசாயி தான் பேசியதைத் தானே பார்க்கட்டும். 'இதை நான் இப்படிச் சொல்லலையே தம்பி' என்று ஒருத்தர் எழுந்து சொன்னால் அந்த இடத்தைத் திரும்ப வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். அதற்காகப் படம் சமர்ப்பிக்கும் தேதியை இரண்டு வாரம் தள்ளிவைக்கக் கல்லூரிகள் தயாரா?