கையெழுத்துக்கு மட்டும் பெற்றோர்

பெற்றோருக்கு அதிகாரம் இல்லையென்று யார் சொன்னது? 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டுமாம்; பாதிப் பேர் பெண்களாம். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தீட்டுவதும், மானியம் எப்படிச் செலவாகிறதென்று கண்காணிப்பதும் இவர்கள் பொறுப்பு. காகிதத்தில் இதைவிட அழகான ஜனநாயகத்தை நான் கண்டதில்லை.

நடப்பதென்ன? எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நடந்த கூட்டத்துக்குப் போயிருந்தேன். தீர்மானப் புத்தகம் முன்கூட்டியே எழுதித் தயாராக இருந்தது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்த தாய் ஒருத்தி, "பொம்பளைப் பிள்ளைங்க கக்கூசுக்குத் தண்ணி வரலீங்களே, சார்!" என்றாள்.

"அதெல்லாம் மேலே எழுதியாச்சம்மா. நீங்க கையெழுத்தைப் போடுங்க."

என்றைக்கு எழுதினீர்கள் என்று அவள் கேட்பதற்குள் காப்பி வந்துவிட்டது!

தலைமையாசிரியரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அவர் கையிலும் காசில்லை, பாவம். ஆனால், குழு தீட்டும் திட்டத்தை ஆதாரமாக வைத்தே அரசாங்கம் மானியம் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்கிறதே, அது யாருக்காக எழுதியது? "படிக்காத ஜனங்களுக்கு என்ன தெரியும்?" என்கிறார்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க பி.ஏ. பட்டம் வேண்டுமா?

அடுத்த கூட்டத்தில் முதல் தீர்மானத்தை அந்தத் தாய் சொல்லட்டும், சார் எழுதட்டும். அதுவரை ஒரு பெற்றோரும் பேனாவைத் தொட வேண்டாம்.