குரூப்பில் 200 பேர்... சபையில் எத்தனை பேர்?

ராத்திரி 10 மணி. ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர், தெருவில் தேங்கிய மழைநீரை போட்டோ எடுத்துப் போடுகிறார். ஐந்தே நிமிடத்தில் கோப எமோஜி, புலம்பல், மீம்ஸ். விடிந்ததும் 'குட் மார்னிங்' மெசேஜ்கள் அந்த போட்டோவை மேலே தள்ளிவிடும். தண்ணீர் மட்டும் அங்கேயே நிற்கும்.

அப்போ, ஆன்லைனில் பேசுவது வீண்தானா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கே படகு வேண்டும், யாருக்குச் சாப்பாடு இல்லை என்ற தகவல்கள் சமூக வலைதளங்களில்தான் கைமாறின. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்ட இளைஞர்களையும் கட்சிகள் அழைத்து வரவில்லை. செல்போன் வழியாகத்தான் செய்தி பரவியது. ஜனவரி 21-ல் அவசரச் சட்டம் வந்தது. 23-ல் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது.

நம்ம குரூப்பில் ஏன் எதுவும் நடப்பதில்லை?

மெரினாவில் கோரிக்கை ஒன்றுதான். யார் அதை நிறைவேற்ற வேண்டும் என்பதும் தெளிவு. முக்கியமாக, ஆட்கள் நேரில் வந்து நின்றார்கள். நம்மிடம் கோபம் இருக்கிறது. யாரிடம், என்ன கேட்கிறோம் என்பது இல்லை. திட்டி ஒரு மெசேஜ் போட்டதுமே கடமை முடிந்த நிம்மதி வந்துவிடுகிறது. ஆபத்தே அந்த நிம்மதிதான்.

எங்கே போய்க் கேட்பது?

தமிழ்நாட்டில் கிராம சபைக்கு ஆண்டில் 6 நாட்கள் உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் நான்கு நாட்கள் அரசு விடுமுறை. ஆபீஸைச் சாக்குச் சொல்ல முடியாது. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போய்ப் பேசலாம். நகரங்களுக்குப் பகுதி சபை, வார்டு கமிட்டி இருக்கின்றன.

போனால் எல்லாம் நடந்துவிடுமா?

நடக்காது. பேருக்குக் கூடிக் கலைகிற சபைகளும் உண்டு. ஆனால், அங்கே போடும் தீர்மானம் பதிவேட்டில் ஏறும். 'என்ன ஆச்சு?' என்று பிறகு ஆர்.டி.ஐ. மனு போட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். குரூப்பில் போட்ட கோப எமோஜிக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டு ஊரில், வேலை சென்னையில் என்கிறவர்களுக்குத்தான் குரூப் கைகொடுக்கும். இங்கிருந்து மனுவை எழுதி அனுப்புங்கள். ஊரில் இருப்பவர்கள் எடுத்துப் போகட்டும்.

அடுத்த முறை தேங்கிய தண்ணீர் போட்டோ வந்தால், எமோஜிக்குப் பதில் சபைத் தேதியைப் போட்டு, 'யார் யார் வர்றீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் வந்தாலே போதும்.